வெள்ளைக்காரக் கான்ஸ்டேபிள்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆதிலட்சுமியிடம் அடி வாங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நெரிசலைச் சாக்காக வைத்து உரசிய கண்டக்டரை ஓடுகிற பஸ்ஸிலேயே அறைந்தவள். குடித்துவிட்டு வந்து கைநீட்டிய புருஷனை விறகுக் கட்டையால் திருப்பிச் சாத்தினாள். கீழ்பென்னாத்தூருக்கு ஓடிய அவன் அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "போனா போறான், சோறு மிச்சம்" என்றாள். உள்ளுக்குள் அழுதாளா என்று கேட்கும் தைரியம் தெருவில் யாருக்கும் இல்லை.

ஆசிரமத்துக்குச் சற்று மேற்கே, அப்பா விட்டுப்போன மனையில் ஓடு போட்ட மூன்று அறைகள் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. "செருப்ப வெளிய விடுடா", "தண்ணிய மூடி வையி" என்று தமிழிலேயே அதட்டுவாள். ஞானம் தேடிக் கடல் தாண்டி வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் செருப்பை வெளியே விட்டார்கள்.

அவள் கை ஓங்காத ஒரே ஆள் தம்பி சகாதேவன். அம்மா செத்தபோது அவன் தவழ்கிற பிள்ளை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். அவனுக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே தேங்காய்க் கடை. உடைக்கத் தெரியாத யாத்ரீகர்கள் காயை அவனிடமே கொடுப்பார்கள். ஒரே தட்டுதான். இரண்டு மூடியும் சரிபாதியாக விழும். சகாதேவன் கையால் உடைத்தால் நினைத்த காரியம் ஆகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பேச்சுதான் கடைசியில் அவனுக்கு எமனாக வந்தது.

நடு அறையில் நாலு வருஷமாக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பாஸ்போர்ட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் உசரச் சாமி. தினம் ஒரு தடவையாவது நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வார். காவி கட்டி, மொட்டை அடித்து, மலையைச் சுற்றுவதே வேலையாக இருந்தவர். 1976-இல், ஆடி மாதம், அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆதிலட்சுமி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு காலையில் கஞ்சியோடு போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே முடிந்துபோயிருந்தார்.

மலைச் சாமியார்கள் வந்துவிட்டார்கள். காவி கட்டியவரை எரிக்கக் கூடாது, சமாதி வைக்கவேண்டும் என்றார்கள். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் புறம்போக்கில் குழி வெட்டி, உட்கார்ந்த கோலத்தில் இறக்கி, உப்பும் விபூதியும் வில்வமுமாகக் கழுத்து வரை நிரப்பினார்கள். பிறகு கம்பளிச் சாமி என்ற வடக்கத்திக் கிழவர், "உயிர் உச்சி வழியாகத்தான் போகவேண்டும், தேங்காய் உடையுங்கள்" என்றார். எங்கே உடைப்பது என்று புரிந்ததும் கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று. செத்த துறவியின் தலையில். உச்சி திறந்தால்தான் முக்தி என்பது அந்தக் கிழவரின் கூட்டத்து வழக்கம்.

யார் உடைப்பது? எல்லாருடைய கண்ணும் சகாதேவன் மேல் போயிற்று.

"வேணாங்க்கா. தலைக்கா அது."

"நாலு வருசம் நம்ம வூட்டுச் சோறு துன்ன மனுசன்டா. நல்ல கதிக்குப் போவட்டும். உடை."

அக்கா சொன்னால் அவன் செய்வான். ஒரே தட்டு. தேங்காயோடு மண்டையும் உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பூக்கடைச் சுப்பன் முதலில் "அரோகரா" என்று கத்தினான். பிறகு கூட்டம் முழுக்கக் கத்தியது.

போலீசுக்குச் சொல்லவேண்டும், அவர் நாட்டுக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியாருக்கு ஏது நாடு என்று நினைத்துவிட்டார்கள்.

நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு மெட்ராஸில் ஒரு துணைத் தூதரகமும் இருந்தது. மகனிடமிருந்து கடிதம் வரவில்லை என்று ஒரு தாய் அங்கே எழுதிக் கேட்டாள். புரட்டாசியில் ஒரு நீளமான கார் செங்கம் ரோட்டில் வந்து நின்றது. அதிலிருந்து கசங்கிய கோட்டும் வெயிலில் சிவந்த கழுத்துமாக ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். மொழிபெயர்த்துச் சொல்லக் கூடவே ஸ்ரீபால் வந்திருந்தார். வந்தவாசிப் பக்கத்துச் சமண கிராமத்துக்காரர், தூதரகத்தில் வேலை. "இவர்தாங்க கான்சல்" என்று அவர் டீக்கடையில் அறிமுகப்படுத்தினார்.

டீக்கடைக் காதுகளில் அது கான்ஸ்டேபிள் என்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தேரடி வீதி வரை செய்தி பரவிவிட்டது. சாமி செத்ததை விசாரிக்க வெள்ளைக்காரக் கான்ஸ்டேபிள் வந்திருக்கிறான், பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறான்! அவசரநிலைக் காலம் வேறு. உள்ளூர்க் கான்ஸ்டேபிளின் தொப்பியைக் கண்டாலே சந்தில் பதுங்குகிற நேரத்தில், கடல் தாண்டி வந்த கான்ஸ்டேபிள் என்றால் கேட்கவா வேண்டும்? குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அங்கே நிற்கவே நிற்காதவர்கள் ஆகிவிட்டார்கள். உடைக்கச் சொன்ன கம்பளிச் சாமியோ எப்போதோ காசிக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

தந்தியில் செய்தி போனதும் தாய் மகனின் உடலைக் கேட்டாள். தாசில்தார் முன்னால் தோண்டினார்கள். உப்பு தன் வேலையைச் செய்திருந்தது. முகம் முகமாகவே இருந்தது. தலையைத் துடைத்ததும் உச்சி உடைந்து உள்வாங்கியிருப்பது தெரிந்தது. கான்சல் வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வாந்தி எடுக்கவில்லை. அவர் பெயர் தருமன். பெயர் வைத்த பெற்றோரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? வெளிநாட்டுக்காரன் கொலை, மெட்ராஸ் கார், மேலிடத்துப் போன். சாயங்காலத்துக்குள் அவருக்கு ஓர் ஆள் வேண்டும். அலையவேண்டிய அவசியமே வரவில்லை. கோபுரத்து எதிரில் ஜீப்பை நிறுத்தி, "அந்தச் சாமி மண்டைய உடைச்சது எவன்டா?" என்று கத்தியதும், தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து சகாதேவன் எழுந்து நின்றான்.

"நான்தான் சார் உடைச்சேன்."

"எதுக்குடா?"

"முக்தி குடுக்கத்தான் சார்."

ஒளிக்கவேண்டிய காரியம் என்றே அவன் நினைக்கவில்லை. தருமனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த இடத்திலேயே முதல் அடி விழுந்தது. தேங்காய்கள் தெருவெல்லாம் உருண்டன.

ஆதிலட்சுமி ஸ்டேஷனுக்கு ஓடினாள். அடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. முதலில் பெல்ட், பிறகு லத்தி, பிறகு பூட்ஸ் கால். "செத்த பொறவுதான் சார் உடைச்சேன்" என்று அவன் சொல்லச் சொல்ல அடி கூடியது. வலி தாங்காதபோது எல்லாரும் அம்மா என்று கத்துவார்கள். அம்மா முகம் தெரியாத அவன் "அக்கா" என்று கத்தினான். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தடுத்த கான்ஸ்டேபிளின் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். தோளில் லத்தி இறங்கியது. முடியைப் பிடித்து இழுத்து வந்து ரோட்டில் வீசினார்கள். முன்பல் ஒன்று விழுந்தது.

ரத்தத்தைத் துப்பிவிட்டு நேராகப் பூக்கடைக்குப் போனாள்.

"சுப்பா, நீ இருந்தியே. அரோகரான்னு மொதல்ல கத்துனது நீதான. வந்து சொல்லு."

"நான் எங்கக்கா இருந்தேன்? அன்னிக்கி எனக்கு ஜொரம்."

பூக்கூடையை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மூக்கு உடைந்து ரத்தம் மல்லிகையில் சொட்டியது. அவன் கையைக்கூட உயர்த்தவில்லை.

"கொன்னுடுக்கா. நீ கொன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். அவங்க கொன்னா ரொம்ப நேரம் ஆவும்."

அவள் பிடியை விட்டாள். மற்றவர்களிடம் போகவே இல்லை. சகாதேவனின் கடையில் சிதறிக் கிடந்ததில் ஒரு தேங்காயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அந்த வெள்ளைக்காரக் கான்ஸ்டேபிள்கிட்டயே போறேன்" என்று மெட்ராஸ் பஸ் ஏறினாள்.

தூதரகத்து வாட்ச்மேன் அவளுடைய வீங்கிய முகத்தையும் ரத்தக்கறைப் புடவையையும் பார்த்துக் கேட்டைச் சாத்தினான். அவள் உள்ளே புகப் பார்த்தாள். அவன் தள்ளியதில் விழுந்தாள். எழுந்தவள் முந்தானையை அவிழ்த்துத் தேங்காயை எடுத்து, கேட்டுத் தூணில் ஓங்கி அடித்தாள். குண்டோ என்று பயந்து மாடி ஜன்னல்கள் திறந்தன. ஸ்ரீபால் ஓடிவந்தார்.

"ஏம்மா, யாரு நீங்க? எந்த ஊரு?"

"திருணாமலை. உங்க கான்ஸ்டேபிள கூப்புடுங்க."

"கான்ஸ்டேபிளா? கான்சலம்மா. போலீஸ் இல்ல. வெளியூர்ல இருக்கற அவங்க நாட்டு ஆளுங்களப் பாத்துக்கற அதிகாரி."

"எவனோ ஒருத்தன். உங்க சாமி தலையில என் தம்பி அடிக்கலங்க. இந்த மாதிரி தேங்காதான் உடைச்சான். செத்த பொறவு உடைச்சான். சாமியாருங்களுக்கு மோட்சம் குடுக்கறது அப்படித்தாங்க."

ஸ்ரீபாலுக்கு முகம் வெளுத்துவிட்டது. 'மண்டையை உடைத்து முக்தி கொடுத்தேன்' என்ற வாக்குமூலத்தை, தீர்த்துக்கட்டினேன் என்ற அர்த்தத்தில் கான்சலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர்தான். "எங்கள்ல முனிவருங்கள எரிக்கறதுதான்மா. இப்படி ஒண்ணு இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உடைந்த மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப்போனார்.

கான்சல் கடைசிவரை கேட்டார். பிறகு பேசினார். ஸ்ரீபால் சொன்னார்:

"உங்க தம்பி இந்த நாட்டு ஆளு. அவருக்காக இவர் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்மா. இவங்க நாட்டு ஆளு செத்தா வீட்டுக்குச் சொல்லணும், உடம்ப அனுப்பணும். ஜெயில்ல கெடந்தா போயி பாக்கணும், அடிக்கறாங்களான்னு கேக்கணும். இவர் வேலை அவ்வளவுதான்னு சொல்றார்."

"கேட்டா இன்னா ஆவும்?"

"பெரும்பாலும் அடி நின்னுடுமாம்."

ஆதிலட்சுமி கான்சலையே பார்த்தாள். "செத்துப்போனவரு இவருக்கு இன்னா ஒறவு?"

"ஒறவெல்லாம் இல்ல. உசுரோட பாத்ததுகூட இல்லையாம். 'எங்கள் ஊர்க்காரர், அவ்வளவுதான்'னு சொல்றார்."

"அப்ப என் தம்பிக்காக ஒண்ணும் கேக்க வேணாம். அவர் ஊர்க்காரனுக்காகவே கேக்கச் சொல்லுங்க. காமாலையில செத்தாரா, அடியில செத்தாரான்னு டாக்டரு சொல்லட்டும். பெத்தவளுக்கு நெசம் தெரிய வேணாமா?"

ஸ்ரீபால் சொல்லி முடிப்பதற்குள் கான்சல் எழுந்துவிட்டார். நாளைக் காலையிலேயே திருவண்ணாமலைக்கு வருவதாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. முறை தவறாத மனிதரும்கூட. ஓர் அயல்நாட்டு அதிகாரி ஊருக்கு வருவதானால் முன்கூட்டியே போலீசுக்குத் தகவல் தரவேண்டும் என்பது முறை. தகவல் தரப்பட்டது.

தருமனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கார் வருவதற்குள் கொலை செய்ததாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் யார் எதைக் கேட்டும் பயனில்லை. சகாதேவன் கையெழுத்துப் போட மறுத்தான். உடைத்தேன் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், கொன்றேன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்றான்.

"எந்தக் கையாலடா உடைச்சே?"

அவன் வலது கையை நீட்டிக் காட்டினான். எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிப் பழகிய பிறவி.

அந்தக் கையைக் கருங்கல் படியில் வைத்து இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். சாட்சிப்பொருளாக அவன் கடையிலிருந்தே அள்ளிவந்த தேங்காய்கள் மூலையில் கிடந்தன. தருமன் ஒன்றை எடுத்தார். ஒரே தட்டில் உடைக்க அவருக்குத் தெரியவில்லை. தேங்காய் உடையும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

கான்சலின் கார் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. ஆதிலட்சுமியும் அதில்தான் வந்தாள். தருமன் பக்கத்தில் விறைப்பாக நிற்க, உடலைப் பரிசோதித்த டாக்டரிடம் தாழ்வாரத்திலேயே கான்சல் ஒரு கேள்வி கேட்டார். மண்டை உடைந்தது உயிர் இருந்தபோதா, உயிர் போன பிறகா? டாக்டர் தருமனைப் பார்த்தார், கான்சலைப் பார்த்தார், கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன பிறகுதான். ரத்தம் கட்டின அடையாளமே இல்ல."

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலைங்களே."

அன்று பிற்பகலே சகாதேவனை விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்றால், தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கிடத்தினார்கள். வலது கை அழுக்குத் துணியில் சுற்றியிருந்தது. துணியைப் பிரித்த ஆதிலட்சுமி அதை மறுபடி மூடினாள். கான்சல் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். ஸ்ரீபால் மொழிபெயர்க்கவில்லை.

"இன்னா சொல்றாரு?"

"சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கணும்னு சொல்றார்மா."

வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. உசரச் சாமி தகரம் அடித்த பெட்டியில் மெட்ராஸுக்குப் போனார். அங்கிருந்து அம்மாவிடம் போனார். சகாதேவனின் விரல்கள் மடங்கியபடியே கூடின. கடையில் உட்கார்ந்து இடது கையால் காயை எடுத்துக் கொடுப்பான். யாத்ரீகர்கள் அவரவர் காயை அவரவரே உடைத்துக்கொண்டார்கள். தருமன் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். வழியனுப்பு விழா மாலையைக் கட்டிக்கொடுத்தவன் சுப்பன். ஆதிலட்சுமி அதன்பிறகு சுப்பன் கடைப் பக்கமே போகவில்லை.

ஸ்ரீபால் மட்டும் அவளோடு தொடர்பை விடவில்லை. இந்த ஊரில் கான்சலின் நாட்டு ஆள் யாராவது காணாமல்போனாலோ, காய்ச்சலில் விழுந்தாலோ, கஞ்சாவோடு பிடிபட்டாலோ அவளுக்குத் தந்தி வரும். அவள் போவாள், பார்ப்பாள், கேட்பாள். ஆளைக் கண்ணில் காட்டும்வரை நகரமாட்டாள். நாளாக ஆக ஊர் அவளைக் கான்சலேட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தது.

1983 கார்த்திகை தீபத்தன்று, யாரோ ஒரு பெரிய இடத்து அம்மாளின் சங்கிலி கூட்டத்தில் காணாமல்போயிற்று. பூக்கடை அருகில்தான் போயிற்று என்று அந்த அம்மாள் சொன்னதால் சுப்பனை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை சுப்பனின் மனைவி வள்ளி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அக்கா, எடுத்தேன்னு ஒத்துக்கச் சொல்லி அடிக்கறாங்கக்கா. நீ வந்து நில்லுக்கா. உனக்குப் பயப்படுவாங்க."

ஆதிலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த சகாதேவன்தான் பேசினான். அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"கெடக்கட்டும் வுடுக்கா. அவனுக்கும் ஒரு கை போவட்டும்."

ஏழு வருஷமாக அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். ஆனால் அதை இந்த வாயிலிருந்து கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். தூக்கி வளர்த்த பிள்ளையை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்த கையைப் பார்த்துக்கொண்டே அழுதாள், வள்ளி பார்க்கிறாள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். யாருக்கும் முன்கூட்டித் தகவல் தரவில்லை.

"சுப்பன பாக்கணும்."

"போம்மா அந்தாண்ட!"

"பாத்துட்டுப் போறேன்."

லத்தி இறங்கியது, அதே தோளில். அவள் இந்தத் தடவை கடிக்கவில்லை. அங்கேயே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு அடி விழுந்தது. காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் ஒழுகியது. "அடிங்க. இங்கயே செத்தன்னா தூக்கிப் போடற வேல உங்களுக்குத்தான். பாக்காமப் போவமாட்டேன்" என்றாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அலறல் நின்றது. புது இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"யாரு நீ? அவன் பொண்டாட்டியா?"

"இல்ல."

"கூடப் பொறந்தவளா?"

"இல்ல."

"அப்ப அவன் உனக்கு யாருடி?"

"எங்க ஊர்க்காரன். அவ்ளோதான்."

இன்ஸ்பெக்டர் அவளையும், வாசலில் கூடத் தொடங்கிய கூட்டத்தையும் பார்த்தார். சுப்பனைக் கூட்டிவரச் சொன்னார். முகமெல்லாம் வீங்கிப்போய் அவன் வந்தான். அவளைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"கைய நீட்டு" என்றாள் ஆதிலட்சுமி.

அவன் வலது கையை நீட்டினான்.

"ரெண்டையும் நீட்டுடா."

நீட்டினான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். எல்லாம் அசைந்தன. வாசல் கூட்டத்தின் முன்னால், கன்னத்தில் அவளுடைய விரல் தடத்தோடு, சகாதேவன் நின்றுகொண்டிருந்தான்.